டொக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சு, ஆஸ்பத்திரி எப்போ?



சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நாள் பின்னேரம். கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பும் நேரம். மேல் டிவிஷனில் இருந்து ஒரு அண்ணன் என் ஒபீசுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் லட்டு. "ஐயா, மகள் டொக்டருக்கு பாஸ் பண்ணிட்டா" என்றார். குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கியது உண்மை. மறுநாள் பிரட்டுக்களத்தில் அதே பேச்சுத்தான். கோயிலில் அர்ச்சனையும் நடந்தது.

அடுத்த வாரமே அந்த வீட்டு வாசலில் கூட்டம். ஒருவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டும், இன்னொருவருக்கு மருந்துத் துண்டு எழுத வேண்டும். அந்தப் பிள்ளை, "எனக்கு இன்னும் மருந்து எழுத அனுமதி இல்லை ஆயா" என்று சொல்லி அனுப்பியது. லயத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? "படிச்ச திமிரு" என்றார்கள்.

நாலு மாதம் கழித்து அந்த அண்ணன் மறுபடி வந்தார். இந்த முறை லட்டு இல்லை. "ஐயா, கேட்கவே வெட்கமா இருக்கு. மெய்யாவே பாஸா? சும்மா வீட்டுலதான இருக்கா. கடன்காரன் வேற கேட்கிறான்" என்றார்.

பிள்ளை மெய்யாகவே பாஸ்தான். மருத்துவ பீடத்தின் கடைசிப் பரீட்சைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அப்போது எனக்கே பாதிதான் தெரியும். அந்தப் பிள்ளையிடமே கேட்டும், பிறகு வந்த மற்றப் பிள்ளைகளுக்கு உதவப் போயும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எம்.பி.பி.எஸ். படிப்பு ஐந்து வருஷம். அதில் சித்தியடைந்தவர் பட்டதாரி. ஆனால் தனியாக வைத்தியம் செய்ய அது போதாது. நம் நாட்டில் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கை மருத்துவ சபையில் பெயர் பதிந்தவர்தான் வைத்தியம் செய்யலாம். புதிதாக வெளியேறும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு. அதை வைத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட ஒரு ஆஸ்பத்திரியில், பெரிய டொக்டர்மார்களின் பார்வையில், ஒரு வருஷம் வேலை செய்ய வேண்டும். இதைத்தான் உள்ளகப் பயிற்சி என்கிறார்கள். பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்பார்கள். அதை ஒழுங்காக முடித்த பிறகே முழுப் பதிவு. வாசலில் வந்த ஆயாவுக்கு மருந்து எழுத மறுத்தது திமிர் அல்ல, சட்டம்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. பிரித்தானியாவில் 1950இல் சட்டம் கொண்டுவந்து 1953 முதல் இதைக் கட்டாயமாக்கினார்கள். இந்தியாவில் ஐந்தரை வருஷப் படிப்பில் கடைசி ஒரு வருஷம் இதுதான்; தமிழ்நாட்டில் 'ஹவுஸ் சர்ஜன்' என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அங்கே பெரும்பாலும் படித்த கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே செய்துவிடலாம். அமெரிக்காவில் 1952 முதல் பிள்ளைகளின் விருப்பத்தையும் ஆஸ்பத்திரிகளின் விருப்பத்தையும் பொருத்திப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் முறை வேறு. இங்கே சுகாதார அமைச்சுதான் நியமனம் கொடுக்கிறது.

அந்த ஒரு வருஷம் இரண்டு ஆறு மாதமாகப் பிரியும். ஒரு ஆறு மாதம் பொது வைத்தியம் அல்லது சிறுவர் வைத்தியம். மற்ற ஆறு மாதம் சத்திரசிகிச்சை அல்லது பிரசவ, பெண் நோயியல் பிரிவு. நீங்கள் வார்டில் படுத்திருந்தால் இந்தப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வந்து "என்ன வருத்தம்?" என்று கேட்டு டிக்கட்டில் எழுதுவது, இரத்தம் எடுப்பது, சேலைன் ஏற்றுவது, வீட்டுக்குப் போகும்போது டயக்னோசிஸ் கார்ட் எழுதித் தருவது எல்லாம் பெரும்பாலும் இவர்கள்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டுக்கு ஓடி வருவதும் இவர்கள்தான். சம்பளம் உண்டு.

சரி, இடம் எப்படிக் கிடைக்கிறது? இங்கேதான் நம் ஆட்கள் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பது போல யாரோ ஒருவர் பார்த்து இடம் பிரித்துக் கொடுப்பதில்லை. பரீட்சைப் பெறுபேற்றை வைத்து ஒரு திறமைப் பட்டியல் தயாராகிறது. நாட்டில் உள்ள அரச மருத்துவ பீடங்களில் படித்த பிள்ளைகள், கொழும்போ பேராதனையோ யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ, எல்லாரும் அந்த வரிசையில் வருகிறார்கள். எந்தெந்த ஆஸ்பத்திரியில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை இடம் என்று அறிவிப்பார்கள். பிள்ளைகள் தங்கள் விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். முன்னால் நிற்பவருக்கு விரும்பிய இடம். பின்னால் நிற்பவருக்கு மிச்சம் இருப்பது.

மாவட்டக் கோட்டா இதில் கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது மாவட்ட ஒதுக்கீடு உண்டு. கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிக ஒதுக்கீடும் உண்டு. அதில் நமது நுவரெலியாவும் ஒன்று. அந்தச் சலுகை கெம்பஸ் வாசலோடு முடிகிறது. உள்ளே போன நாள் முதல் எல்லாரும் ஒரே தராசில்தான். நம் பிள்ளைகள் தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு அங்கே போய் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. முதல் வருஷத்தில் பாஷை தெரியாமல் திணறி ஒரு பரீட்சை தவறினால், அது பின்னால் ஆஸ்பத்திரி எடுக்கும் வரிசையிலும் இடிக்கும். கடைசிப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுத நேர்ந்தால் கூடப் படித்தவர்களோடு போக முடியாமல் பின்னால் நிற்க வேண்டி வரும். ஆகவே உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளையை, முடிந்தால் அப்போதே ஆங்கில வகுப்புக்கு அனுப்பி வையுங்கள்.

இன்னொன்று. தலைவரிடம் கடிதம் வாங்கினால் நுவரெலியா ஆஸ்பத்திரி கிடைக்கும் என்று அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு தடவை அப்படிக் கடிதம் எழுதிக் கொடுத்தவன்தான், மறைக்கவில்லை. இரண்டு நாள் பேர் போச்சு, பஸ் காசு போச்சு, ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா அம்மாமார் வற்புறுத்துவது பெரும்பாலும் "கிட்ட உள்ள ஆஸ்பத்திரியை எடு" என்றுதான். மனசு விளங்குகிறது. ஆனால் உள்ளகப் பயிற்சி வைத்தியர் ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்க வேண்டியவர். கூப்பிட்ட நேரம் வார்டில் நிற்க வேண்டும். நுவரெலியாவில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் டயகமவுக்கு வந்து போக நேரம் கிடைப்பது அபூர்வம். நம்ம டயகம ஆஸ்பத்திரியிலேயே கேட்கலாமே என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். விசேட வைத்திய நிபுணர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்புவார்கள். நம்முடையது போன்ற பிரதேச வைத்தியசாலைக்கு வருவது பயிற்சி முடித்த டொக்டர்தான். அதனால் எங்கே நன்றாகக் கற்றுக்கொடுப்பார்கள், எங்கே கையால் செய்து பழகலாம் என்பதைப் பிள்ளையே விசாரித்து முடிவு செய்யட்டும். போன பெட்ச் அண்ணன் அக்காமாரைக் கேட்டால் அவர்கள் சொல்வார்கள்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. எங்கள் டிவிஷனில் ஒரு கிழவிக்கு ராத்திரி வருத்தம் கூடி, தூர உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். "நெஞ்சு கரிக்குது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வார்டில் பலருக்கும் தமிழ் தெரியாது. நெஞ்சு என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இருதய வருத்தம் என்று பதறிவிட்டார்கள். அப்போது உள்ளகப் பயிற்சியில் இருந்த ஒரு தமிழ்ப் பையன் வந்து, "அடைக்குதா ஆயா, எரியுதா? சாப்பிட்டதும் கூடுதா?" என்று தமிழில் கேட்டான். ஈ.சி.ஜி.யும் எடுத்துப் பார்த்தான். கடைசியில் வயிற்றுப்புண். கிழவி அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இனி, நான் உதவக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். அது பத்திரங்கள்.

மேலே சொன்ன அந்த அண்ணனின் மகளுக்கு வந்த வில்லங்கம் பரீட்சையில் அல்ல, பெயரில். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அதில் பாதிதான் எழுதினார்கள். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால். பிறப்புப் பத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் 'எஸ்' எழுத்தில் தொடங்கியிருக்கிறார், கெம்பஸ் பதிவில் 'சி' எழுத்து. லயத்தில் இருக்கும்வரை இது ஒரு பிரச்சினையே இல்லை. மருத்துவ சபையில் பதியப் போகும்போது எல்லாப் பத்திரத்திலும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் அல்லவா? அறிவித்தல் வந்து விண்ணப்பத்துக்குக் குறுகிய நாள்தான் இருந்தது. அந்தப் பிள்ளை தலவாக்கலைக்கும் கொழும்புக்கும் அலைந்ததை நினைத்தால் இப்போதும் கவலை. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, கடைசி நாளில் ஒருவாறு கொடுத்தோம்.

சத்தியக்கடதாசி அவசரத்துக்குத்தான். பிறப்புப் பதிவில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்து முறையாகத் திருத்த வேண்டும். அது ஒரு நாள் வேலை இல்லை. ஆகவே பிள்ளை டொக்டராகும் வரை காத்திருக்காமல், சாதாரண தரம் எழுதும் வயதிலேயே பிறப்புப் பத்திரத்தையும் பள்ளிக்கூடப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதும் அந்த வயதில்தான். அங்கே சரியாக எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

விண்ணப்ப அறிவித்தல் எப்போது வரும் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. பல மாதம் போகலாம். மகாபொல போன்ற உதவிப் பணம் படிப்போடு நின்றுவிடும், சம்பளம் இன்னும் தொடங்கியிருக்காது. அந்த நடுக்காலம்தான் நம் குடும்பங்களுக்கு மிகவும் கஷ்டமான காலம். சிலர் ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். மருத்துவ பீடங்களில் தற்காலிகமாக டெமன்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு எடுப்பதும் உண்டு. மகள் பாஸாகிவிட்டாள், அடுத்த மாதம் சம்பளம் என்று நினைத்து நகையை அடகு வைத்து வீடு கட்டத் தொடங்காதீர்கள். அந்த அண்ணன் செய்தது அதைத்தான்.

வெளிநாட்டில் படிக்க அனுப்ப நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீனா, ரஷ்யா, பங்களாதேஷ் என்று ஏஜென்ட்மார் தோட்டம்வரை வருகிறார்கள். அங்கே பட்டம் எடுத்தவுடன் இங்கே இன்டர்ன்ஷிப் கிடைக்காது. முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஈ.ஆர்.பி.எம். என்ற பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும். அதற்குப் பிறகே உள்ளகப் பயிற்சி. உயர்தரத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பெறுபேறும் ஒன்று உண்டு. ஏஜென்ட் சொல்வதை நம்பிக் காசு கட்டுவதற்கு முன்பு கொழும்பு 10, நொரிஸ் கெனல் வீதியில் உள்ள மருத்துவ சபையிலேயே நேரில் கேட்டுவிடுங்கள்.

அந்த அண்ணனின் மகள் பிறகு நியமனம் கிடைத்து, ஒரு வருஷத்தை முடித்து, முழுப் பதிவும் எடுத்துவிட்டது. லீவுக்கு வந்தால் இப்போது வாசலில் கூட்டம் வரும்போது யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. திமிர் என்று பேசிய ஆயாதான் வரிசையில் முதல் ஆள்.

பத்திரங்களைச் சரிபார்க்க விரும்புகிறவர்கள் புதன்கிழமை பின்னேரங்களில் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் உள்ள என் ஒபீசுக்கு வரலாம். மூலப் பத்திரத்தோடு இரண்டு பிரதியும் கொண்டு வாருங்கள். மூலத்தை லேமினேட் பண்ணியிருந்தாலும் பரவாயில்லை, ஆனால் இனிமேல் பண்ணாதீர்கள், பின்னால் திருத்தி முத்திரை குத்த இடம் இருக்காது.