சாக்கடைக்குள் முங்கியே ஓடும் மோட்டார்... தெரியுமா?

தண்ணீரையும் கரண்டையும் சேர்க்காதே என்று சின்ன வயதிலிருந்தே நம்மை மிரட்டி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில், 415 வோல்ட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, தலை முழுக முங்கியபடியே ஒரு மோட்டார் ஓடுகிறது, தெரியுமா? முங்கியிருந்தால்தான் அதற்கு நல்லது! சுற்றியிருக்கும் சாக்கடைதான் அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மட்டம் இறங்கி மோட்டாரின் உடம்பு வெளியே தெரிந்தால் சூடேற ஆரம்பித்துவிடும். எந்த மட்டத்துக்குக் கீழே ஓட்டக் கூடாது என்று கம்பெனிக் கையேட்டில் கோடு போட்டே காட்டியிருப்பார்கள்.

உள்ளே செப்புச் சுருள், வெளியே சாக்கடை. நடுவே காவல் யார்? மெக்கானிக்கல் சீல்! இரண்டு வளையங்கள், ஒன்று நிற்கும், இன்னொன்று அதன்மேல் உரசிச் சுற்றும். இடையில் இருக்கும் திரவப் படலம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. வளையம் பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு, அதாவது இரும்பைத் தேய்க்கும் உப்புத்தாளில் இருக்கிற அதே சரக்கு. நல்ல பம்பில் இப்படி இரண்டு சீல், நடுவே ஓர் எண்ணெய் அறை. கீழ் சீல் தேய்ந்து எண்ணெயில் தண்ணீர் கலந்தால், அறையில் உள்ள ஈர உணரி மேலே உள்ள மின் பேனலில் விளக்கை எரியவைக்கும். மேல் சீல் தாங்கிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை வந்துவிடுகிறது! அந்த உணரி ஒயரை பேனலில் இணைக்காமலே விட்டுப் போகும் ஆட்களை என்ன சொல்ல?

1865-இல் லண்டன் சாக்கடையை இரைக்க க்ராஸ்னெஸ் நிலையத்தில் நான்கு ராட்சத நீராவி எஞ்சின்களை நிறுவினார்கள். அவற்றின் பெயர்கள் விக்டோரியா, பிரின்ஸ் கன்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா! சாக்கடை எஞ்சினுக்கு ராணியின் பெயர்! ஒவ்வொன்றின் சுழல்சக்கரமும் 52 டன். இரைக்கிற எஞ்சினையே சாக்கடைக்குள் இறக்கிவிடலாம் என்ற துணிச்சல் 1956-இல்தான் கைகூடியது. அந்த ஆண்டு ஸ்வீடனின் ஃப்ளிக்ட் நிறுவனம் நீர்மூழ்கிக் கழிவுநீர் பம்பைக் கொண்டுவந்தது.

மோட்டார் முங்குவதைவிட எனக்குப் பெரிய அதிசயமாகப் படுவது, அதை மாட்டும் விதம். தொட்டியின் அடியில் 'டக் ஃபுட் பெண்ட்' என்ற வளைகுழாயை ஒருமுறை போல்ட் போட்டுப் பதித்துவிடுகிறார்கள். அதிலிருந்து மேலே வரை இரண்டு கைடு பைப்புகள். பம்பைச் சங்கிலியில் தொங்கவிட்டால் பைப்பைப் பிடித்துக்கொண்டே வழுக்கி இறங்கி, வளைகுழாயின் வாயில் தானே பொருந்திக்கொள்ளும். போல்ட் இல்லை, நட் இல்லை; தன் கனத்தாலேயே இறுகிக்கொள்ளும்! ரிப்பேரா? சங்கிலியை இழுத்தால் மேலே வந்துவிடும். பம்புக்காக ஒரு மனிதர்கூடக் குழிக்குள் இறங்க வேண்டாம்.

இறங்கினால் என்ன ஆகும், தெரியுமா? ஹைட்ரஜன் சல்பைடு வாயு பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். 100 பங்கானால்? சில நிமிடங்களிலேயே நாற்றம் தெரியாமல் போய்விடும்! மூக்கு மரத்துப்போகிறது, "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். 700-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழலாம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியிலேயே தேங்கும். காப்பாற்றக் குதிப்பவரையும் அப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. கைடு பைப் செலவை மிச்சம் பிடித்து, பம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிவிடும் கட்டடக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்களா?

எதிர்த்திசையில் சுற்றினாலும் பம்பு தண்ணீர் தள்ளும், தெரியுமா? கொஞ்சமாகத் தள்ளும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது! இறக்குவதற்கு முன் சங்கிலியில் தொங்கவிட்டு, எல்லோரும் தள்ளி நின்று, நொடிப்பொழுது ஸ்விட்சைப் போட்டால் பம்பு ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் சுற்றுவது அதற்கு நேர் எதிர்த்திசையில். திசை தவறென்றால் மூன்று ஃபேஸில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும். அந்த மூன்றிலும் வோல்டேஜ் வெறும் 3.5 சதவீதம் ஏறுமாறாக இருந்தால், மோட்டாரின் வெப்ப உயர்வு 25 சதவீதம் எகிறிவிடும்!

கேபிளைப் பிடித்து பம்பைத் தூக்கவே கூடாது. கேபிளின் வெட்டிய நுனி தண்ணீரில் விழுந்தாலும் வினைதான். செப்பு இழைகளின் சந்து வழியே ஈரம் மெல்ல ஊர்ந்து மோட்டார் வரை போய்விடும்!

லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில் 2017-இல் கண்டுபிடித்த கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன். கொழுப்போடு ஈரத்துடைப்பான்கள் பின்னிக்கொண்டு கல்லாகியிருந்தன. பம்புக்குள்ளும் அதே துணிதான் எமன். எடுத்துப் போடத்தான் வேண்டும். ஆனால் ஓடாமல் நிற்கிற மோட்டாரை நம்பிக் கையை விடாதீர்கள். சூட்டில் நின்ற மோட்டார், சுருளில் உள்ள வெப்ப ஸ்விட்ச் ஆறியதும் பல பம்புகளில் தானாகவே ஓடத் தொடங்கும். தொட்டி நிறைந்து ஃப்ளோட் ஸ்விட்ச் (மிதவை) எழும்பினாலும் அப்படியே, யாரையும் கேட்காது! மெயினை இறக்கி, பேனலைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் இம்பெல்லர் பக்கம் போக வேண்டும்.