முடியுரு நாடிகளிற் கல்சியம்

உடலெங்கும் குருதியைச் செலுத்தும் இருதயத்துக்கும் குருதி வேண்டும். அதனை இருதயத் தசைக்குக் கொண்டு செல்வன முடியுரு நாடிகள். ஆண்டுகள் பல செல்ல, இந்நாடிகளின் உட்சுவரிற் கொலஸ்திரோல் முதலியன படிகின்றன. படிவு முதிருங்கால் அதனிற் கல்சியமும் சேர்கின்றது. ஆதலின், நெஞ்சு நோவு முதலிய குறிகள் தோன்றுமுன்னரே கல்சியம் நோயின் இருப்பை உணர்த்தவல்லது.

இதனை அளக்கும் முறையை 1990ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆதர் அகற்ஸ்ரனும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர். எக்ஸ் கதிர்களாற் பெறப்படும் செய்தியைக் கொண்டு, கணினி இருதயத்தின் குறுக்குவெட்டுப் படங்களை ஆக்கும். இதற்கு ஊசிமருந்து வேண்டுவதில்லை. படத்தில் ஹவுன்ஸ்பீல்ட் அலகில் 130 இற்குக் குறையாத அடர்த்தியுடைய இடங்கள் கல்சியமெனக் கொள்ளப்படும். ஒவ்வோரிடத்தின் பரப்பும், அதன் உச்ச அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரையுள்ள ஓரெண்ணாற் பெருக்கப்படும். உதாரணமாக, பரப்பு 5 சதுர மில்லிமீற்றரும் அடர்த்தி 250 அலகுமாயின், 5 ஐ 2 ஆற் பெருக்க 10 வரும். இவ்வாறு பெற்றவற்றின் கூட்டுத்தொகையே கல்சிய எண்ணாகும்.

இவ்வெண் வருவதை உணர்த்துமா என்பதை அறிய, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நான்கு இனப்பிரிவுகளைச் சேர்ந்த 6,814 பேரைக் கொண்டு ஓராய்வு தொடங்கிற்று. 2008இல் வெளியான முடிவின்படி, கல்சியம் இல்லாதாரோடு ஒப்பிடுமிடத்து, எண் 100 இற்கு மேற்பட்டோருக்கு முடியுரு நாடி நோயால் இடர் நேரும் அபாயம் ஏழு மடங்குக்கும் அதிகமாயிருந்தது. அந்நான்கு பிரிவுகளுள் தென்னாசியர் இல்லை. அக்குறையை நோக்கியே, ‘மசாலா’ எனச் சுருங்க வழங்கும் வேறோராய்வு அந்நாட்டு வாழ் தென்னாசியரிடையே 2010இல் தொடங்கப்பட்டது.

இனி, இச்சோதனை யாவருக்கும் உரியதோவெனின், அன்று. முன்னரே மாரடைப்புற்றவருக்கு மருத்துவம் வேண்டுமென்பது தெளிவு. அவருக்கு இவ்வெண் புதிதாக யாதும் கூறாது. அபாயம் நடுத்தரமாயிருந்து, கொலஸ்திரோலைக் குறைக்கும் மருந்தை நெடுங்காலம் உண்பதா விடுவதா என ஐயுறுவார்க்கே இது பெரிதும் உதவும். 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறையும் இக்கருத்தினதே. அதன்படி, எண் 100 அல்லது அதற்கு மேலாயின் மருந்து தக்கது, சுழியாயின் பிற்போடலாம். ஆயினும் புகைப்பவர், நீரிழிவுடையவர், இளவயதில் இருதய நோயுற்றாரைக் குடும்பத்திற் கொண்டவர் ஆகியோருக்கு இச்சலுகை இல்லை.

சுழியைப் பூரண பாதுகாப்பெனக் கொள்ளுதல் தவறு. கல்சியம் சேராத இளம்படிவு இப்படத்திற் புலப்படாது. அதுவும் வெடித்து நாடியை அடைக்கக்கூடும். எனவே, நெஞ்சு நோவு தோன்றியவர் பழைய சுழியை நம்பி வீட்டிலிருத்தலாகாது. உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும். எண் மிக்கவரும் மனந்தளர வேண்டுவதில்லை. படிந்த கல்சியம் மறைவது அரிதெனினும், புகைத்தலை ஒழித்து, குருதியமுக்கத்தை அடக்கி, தக்க மருந்தை ஒழுங்காக உண்பவருக்கு மாரடைப்பின் அபாயம் குறையும். எண்ணை அறிவதன் பயன் அதன்வழி ஒழுகுதலேயாம்.