பழைய வீடியோ விளையாட்டுகளின் பெறுமதி

ஒரு பொருளின் விலை வேறு, பெறுமதி வேறு. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டவல்லன பழைய வீடியோ விளையாட்டுகள். 2021ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவில் நடைபெற்ற ஏலமொன்றிலே, யப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோவின் ‘சூப்பர் மாரியோ 64’ என்னும் விளையாட்டின் உறை பிரிக்கப்படாத பிரதியொன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விற்பனையாயிற்று. அதே ஏலத்தில் ‘லெஜெண்ட் ஒவ் செல்டா’ என்னும் விளையாட்டின் பிரதியொன்று 8 இலட்சத்து 70 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. ஒருவரும் தொட்டு விளையாடாமையே இவற்றின் விலையை உயர்த்திய பெருங்காரணமாகும். விளையாடாத விளையாட்டுக்கு இத்துணை விலையெனின், விளையாட்டின் பெறுமதி யாது என ஆராய்தல் தகும்.

வீடியோ விளையாட்டு மூன்று உறுப்புக்களால் அமைவது. ஒன்று, காட்ரிட்ஜிலோ தட்டிலோ பதிக்கப்பட்ட நிரல். மற்றொன்று, அந்நிரலை இயக்கும் பொறி. பிறிதொன்று, கொன்றோலர் எனப்படும் கைக்கருவி. இவற்றுள் ஒன்று குறையினும் விளையாட்டு நிகழாது.

பொறிகள் நாட்செல்லப் பழுதுறுவன. பழைய பொறிகளின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆயின. இக்குறையைத் தீர்க்க எழுந்ததே எமுலேற்றர். ஒரு பொறியின் செயலை மற்றொரு பொறியிலே நிகழ்த்தும் நிரலுக்கு அப்பெயர் வழங்கும். 1983இல் யப்பானில் வெளிவந்த ஃபமிகொம் என்னும் நிண்டெண்டோப் பொறி 2 கிலோபைற் நினைவகத்தைக் கொண்டே இயங்கியது. இன்றைய கணினி அதனினும் பன்மடங்கு ஆற்றலுடையதாகலின், அப்பொறியின் ஒவ்வொரு சிறு செயலையும் உரிய ஒழுங்கிலே எமுலேற்றர் செய்து காட்டுகின்றது. சித்தர்கள் கூடுவிட்டுக் கூடுபாய்ந்தமை போன்று, பழைய நிரல் புதிய உடலிற் புகுந்து உயிர்வாழ்கின்றது.

ஆயினும், உடல் மாறுங்கால் இழக்கப்படுவனவும் உள. 1984இல் வெளிவந்த ‘டக் ஹண்ட்’, துப்பாக்கி வடிவான கைக்கருவியால் வாத்துகளைச் சுடும் விளையாட்டாகும். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கருமையாகும். பின்னர் வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாகும். துப்பாக்கியிலுள்ள ஒளியுணரி அவ்வெண்மையைக் காணின், குறி தப்பவில்லை என்பது பொருள். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் ஒளி எழும் முறைக்கு இயைய அமைந்த அத்துப்பாக்கி, இன்றைய தட்டைத் திரையின் முன் அவ்வாறே பயன்படாது.

1996இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ 64’ மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் கைக்கருவியிலுள்ள சிறு கோலை மெல்லச் சாய்ப்பின் மாரியோ அடிமேல் அடிவைத்து நடப்பான். முற்றச் சாய்ப்பின் ஓடுவான். உறங்கும் ஊனுண்ணிச் செடியை எழுப்பாது அணுகுதற்கு மென்னடை வேண்டும். கணினி விசைப்பலகையின் விசையோ அழுத்தல், அழுத்தாமை என்னும் இரு நிலைகளே உடையது. மென்னடையின் நுட்பம் அதிலே எளிதிற் கைகூடாது. ஆகவே, நிரலைக் காப்போர் கைக்கருவியையும் காத்தல் வேண்டும்.

இக்காப்புப் பணிக்குச் சட்டமும் ஓரளவு தடையாகின்றது. எமுலேற்றர் ஆக்கும் பொருட்டு ஒரு பொறியின் நிரலைப் படியெடுத்து ஆராய்தல் நியாயமான பயன்பாடே என 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. ஆயின், விளையாட்டுகளின் பதிப்புரிமை அதனால் நீங்கிவிடவில்லை. 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. நூலகங்கள் அத்தகைய விளையாட்டுகளைத் தொலைவிலுள்ள ஆய்வாளருக்கு வழங்குதற்குக் கேட்ட அனுமதியை 2024இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

முன்னர்க் கூறிய ‘செல்டா’ காட்ரிட்ஜினுள், ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைத்தற்குச் சிறு மின்கலமொன்று உண்டு. உறை பிரிக்காது கண்ணாடிப் பெட்டியுள் வைத்துப் போற்றினும் அம்மின்கலம் நாளடைவில் வலுவிழந்தே தீரும். ஏலத்திற் கொடுத்த விலை அதனைத் தடுக்கமாட்டாது. நிரலைப் படியெடுத்தும், பொறியைப் பழுதுபார்த்தும், கைக்கருவியைப் பேணியும், பின்வருவோர் எடுத்து விளையாட இடமளிக்கும் சேகரிப்பே பெறுமதியுடைய சேகரிப்பாகும்.