ஒட்டகத்தைக் கட்டிய பின்…

விஜயாலய சோழீச்சரத்தால் பெயர் பெற்ற நார்த்தாமலையிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ 17 கிலோ மீட்டர். திருச்சி அதைவிடத் தொலைவு. ஊரோ நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை காலையில் சாலைவரை வந்தால்தான் பேருந்து; மாலையில் இறங்கிய இடத்திலிருந்து வீடு திரும்பியாக வேண்டும். இருட்டிய பின் மகள் தனியே நடந்து வருவாளே என்று அஞ்சிப் படிப்பை நிறுத்திவிடும் பெற்றோர் நம்மில் இல்லையா? கட்டணத்தைக் கடன்பட்டாவது கட்டிவிடுகிறோம். இந்தச் சிறு தூரந்தான் நம்மைத் தோற்கடிக்கிறது.

அந்தத் தூரத்தை வெல்லும் வழியை நாட்டுக்கே காட்டியது இதே புதுக்கோட்டை மாவட்டம் அல்லவா? 1991-இல் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தனர். குடுமியான்மலைக் கல்குவாரிகளில் உழைத்த பெண்கள் கற்றனர்; முஸ்லிம் இளம்பெண்களும் ஏச்சுப் பேச்சைப் பொருட்படுத்தாமல் முன்வந்தனர். பெண்களுக்கான வண்டி கடைகளில் தட்டுப்பட்டபோது, ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்ற வசதியையும் கண்டுகொண்டனர்!

ஆகவே வாங்கலாமா என்ற கேள்வி பழையதாகிவிட்டது. எப்படி வாங்குவது, எப்படிக் காப்பது என்பதே இப்போதைய கேள்வி.

கடைக்குப் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். இருக்கையில் அமர்ந்தபடி கால் நுனி தரையைத் தொட வேண்டும். இன்னும் வளருவான் என்று பெரிய வண்டியை வாங்குவது சட்டைக்குப் பொருந்தலாம், சைக்கிளுக்குப் பொருந்தாது. மகளுக்கெனில் செயினை முழுவதும் மூடும் உறையும், பின்சக்கரத்தின் இருபுறமும் டிரெஸ் கார்டும் கட்டாயம் இருக்கட்டும். துப்பட்டாவோ புர்காவின் ஓரமோ சக்கரத்தில் சிக்கினால் விழுவது நிச்சயம். கியர் வைத்த வண்டிகள் பார்க்க அழகுதான். ஆயினும் அவற்றில் பலவற்றுக்கு மட்கார்டும் இல்லை, கேரியரும் இல்லை. மழைக்காலச் சேறும் புத்தகப் பையும் நம் முதுகில்தான். சீமைக் கருவேல முள் மலிந்த பகுதி இது. ஒரு கைப்பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் வீட்டில் இருப்பது நல்லது.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. விற்பவரிடம் ரசீது உண்டா என்று பாருங்கள். விலை மிக மலிவாகவும் விற்பவர் மிக அவசரமாகவும் இருந்தால் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். மார்க்கத்திலும் அது ஹலால் ஆகாது.

இனி பூட்டு. ஆயிரக்கணக்கில் செலவிட்டு வண்டி வாங்கும் அத்தாமார்கள், பூட்டுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது ஏனோ தெரியவில்லை. பின்சக்கரத்தில் பொருத்தித் தரும் வளையப் பூட்டு சக்கரத்தைச் சுழலவிடாது, அவ்வளவுதான். வண்டியை அப்படியே தூக்கிச் செல்வதை அது தடுக்காது. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்த என் உறவுக்காரப் பையனின் வண்டி அப்படித்தான் போயிற்று. பூட்டியிருந்தேன் என்று அவன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவன் நடந்தான்.

தடித்த சங்கிலியை வண்டியின் சட்டத்திற்குள்ளும் பின்சக்கரத்திற்குள்ளும் நுழைத்து, தரையில் ஊன்றிய கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால், சக்கரம் கம்பியோடு நிற்கும், வண்டி போய்விடும். குட்டையான கம்பியும் வேண்டாம்; சங்கிலியோடு மேலே உருவி எடுத்துவிடலாம். கல்லூரியில் ஆள்நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடமே ஏற்றது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது வண்டியை வெட்டவெளியில் விட்டுவராமல், விடுதிக் காப்பாளரிடம் கேட்டு உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று வினவிய தோழருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! நம் பிள்ளைகளின் ஒட்டகம் இரண்டு சக்கரத்தில் நிற்கிறது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே ஒரு வேலை செய்யுங்கள். இருக்கைக்குக் கீழோ பெடல் அச்சின் அடியிலோ ஓர் எண் பொறித்திருக்கும். அதை நாட்குறிப்பில் எழுதி, வண்டியைப் படமெடுத்து, ரசீதோடு வையுங்கள். வண்டி காணாமற்போனால் காவல் நிலையத்தில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் அந்த எண்ணும் ஒன்று. கறுப்பு நிற வண்டி என்று சொன்னால் யார் கண்டுபிடிப்பார்? பூட்டின் இரு சாவிகளையும் ஒரே வளையத்தில் மாட்டிப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டாம். ஒன்று அம்மாவின் அலமாரியில் இருக்கட்டும்.