பெயருக்கு 24 வோல்ட், ஓடுவது 28-இல்

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை ஓட்டிய வில்லிஸ் ஜீப்பிலும் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரியிலும் இருந்தது 6 வோல்ட் பேட்டரி. போர் முடிந்த ஐந்தே ஆண்டில், 1950-இல் வந்த எம்38 ஜீப்பில் அது 24 வோல்ட் ஆகிவிட்டது. எம்35 லாரி, டாட்ஜ் எம்37 என்று அடுத்தடுத்து வந்தவற்றிலும் அதே 24. அமெரிக்கச் சாலைகளில் ஓடிய சாதாரணக் கார்கள் அப்போதுதான் மெல்ல 6-ஐ விட்டு 12-க்கு வந்துகொண்டிருந்தன. ராணுவம் மட்டும் ஏன் ஒரே தாவாகத் தாவியது?

ஒரு கணக்குப் போட்டால் புரியும். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 2,400 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் அதற்கு 400 ஆம்பியர் பாய வேண்டும். 24 வோல்ட்டில் 100 போதும். வயர் சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதால், அதே வயரில் இழப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. உறைபனியில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் காலை வேளையில் வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பதை இந்த வித்தியாசமே தீர்மானிக்கும். ரேடியோவும் ஒரு காரணம். போர்க்காலத்தில் ரேடியோ பொருத்திய சில ஜீப்புகளுக்கு 12 வோல்ட் ஏற்பாட்டைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. விமானங்களிலோ 24 வோல்ட் முறை ஏற்கெனவே பழகிப்போயிருந்தது.

எம்35-இல் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 ஆகின்றன. ஆனால் இந்த 24 வெறும் பெயர்தான். ஈயம்-அமில பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் முழுச் சார்ஜில் சுமார் 2.1 வோல்ட் காட்டும். 12 செல்களுக்கு 25.2. பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ள வேண்டுமென்றால் டைனமோ அதைவிட உயரத்தில் நிற்க வேண்டும். ஆகவே ஓடும் லாரியில் அளந்தால் 28 வோல்ட்டை ஒட்டி இருக்கும். செல்லுக்கு 2.4 வோல்ட்டைத் தாண்டினால், அதாவது மொத்தம் 28.8-ஐத் தாண்டினால், தண்ணீர் வாயுவாகப் பிரிந்து குமிழியிடத் தொடங்கும். சார்ஜ் அழுத்தம் நாள் கணக்கில் 27-க்குக் கீழேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். வெயிலும் இதில் தலையிடுகிறது. வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் ஏறினால், தேவையான சார்ஜ் அழுத்தம் ஏறக்குறைய 1 வோல்ட் குறைந்துவிடும்.

இந்தக் குறுகலான எல்லையைத் தொடக்க கால லாரிகளில் காத்தது ஒரு சிறிய இரும்புப் பெட்டி. அந்த ரெகுலேட்டருக்குள் மூன்று ரிலேக்கள் உண்டு. ஒன்று அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். ஒன்று அளவுக்கு மீறிய ஆம்பியரால் டைனமோ எரியாமல் தடுக்கும். மூன்றாவதான கட்-அவுட், எஞ்சின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாதபடி இணைப்பைத் துண்டிக்கும். டிரான்சிஸ்டர் ஒன்றுகூட இல்லாமல் சுருளும் ஸ்பிரிங்கும் தொடுமுனையும் மட்டும் செய்த வேலை இது. எனக்கு இன்றும் இதைப் பார்த்தால் வியப்புதான். 25 ஆம்பியர் தரும் அந்த டைனமோ, எஞ்சின் ஐடிலில் நின்றால் பெரும்பாலும் சார்ஜ் கொடுக்காது. பின்னாளில் வந்த 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் அந்தக் குறையைப் போக்கியது. அதன் சிலிக்கான் டையோடுகள் மின்சாரத்தை ஒரே திசையில்தான் விடும் என்பதால் கட்-அவுட்டுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

இந்த லாரிகளைச் சேகரிப்பவர்கள் சிலர் செய்யும் ஒரு காரியம்தான் மனதை உறுத்துகிறது. பாட்டுப் பெட்டிக்கோ போன் சார்ஜருக்கோ 12 வோல்ட் வேண்டுமென்று, எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு வயரை இழுத்துவிடுகிறார்கள். தொடரில் நிற்கும் இரண்டு பேட்டரிகளும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். ஒன்றுக்கு மட்டும் கூடுதல் சுமை ஏற்றினால் இரண்டுமே கெடும். ரெகுலேட்டருக்குத் தெரிவது மொத்தம் 28 மட்டுமே. இளைத்த பேட்டரி 13.2-இல் நிற்க, மற்றதன் தலையில் 14.8 விழும். முதலாவது அரைகுறைச் சார்ஜிலேயே சல்பேட் பிடித்துச் சாகும். இரண்டாவது கொதித்து வற்றும். அப்போதும் டேஷ்போர்டு மீட்டர் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை இரண்டு பேட்டரிகளுக்கும் பொதுவாக மாட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. அதன் விலை ஒரு புதுப் பேட்டரியைவிடக் குறைவுதான்.

இப்படி ஒரு பழைய வண்டி உங்களிடம் இருந்தால், எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, மல்டிமீட்டரால் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், புதுப் பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன் நடுவில் எங்கே வயர் இழுக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள்.