சிசரோவின் கான்சல் ஆண்டுச் சொற்பொழிவுகள்: பதிப்பும் மொழிபெயர்ப்பும்

பழைய உரோமாபுரியின் அரசியற் சொற்பொழிவுகளைக் கற்கப் புகுவார், கத்திலீனாவுக்கு எதிராகச் சிசரோ நிகழ்த்திய நான்கினையே பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்வர். பலர் அவற்றோடு நின்றும் விடுவர். அந்நான்கும் தனித்து நிற்பன அல்ல. கி.மு. 63-இல் நாட்டின் உயர் பதவியாகிய கான்சல் பதவியில் அமர்ந்திருந்தபோது தாம் ஆற்றிய சொற்பொழிவுகளைச் சிசரோ ஒரு தொகுதியாகவே கருதினார். கி.மு. 60-இல் நண்பர் அட்டிக்கசுக்கு அவர் எழுதிய கடிதம் இதற்குச் சான்று. அதன்கண் பத்துச் சொற்பொழிவுகளை வரிசைப்படுத்திக் கூறி, நிலச் சட்டம் பற்றிய சிறிய உரைகள் இரண்டினையும் அவற்றோடு சேர்க்கின்றார். கிரேக்க நாவலர் டெமாஸ்தனீசுக்குப் பிலிப்பிக் உரைகள் புகழ் சேர்த்தமை போலத் தமக்கும் ஒரு தொகுதி அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே இவ்வுரைகளின் முதற் பதிப்பாசிரியர் சிசரோவே எனல் தகும்.

அப்பன்னிரண்டில் இன்று நமக்குக் கிடைப்பன எட்டு. நாடக அரங்கின் இருக்கைச் சட்டம் தொடர்பாக ஓத்தோவைக் குறித்து ஆற்றியது, சுல்லாவால் ஒறுக்கப்பட்டோரின் மைந்தரைப் பற்றியது, தமக்குரிய மாநில ஆட்சியை வேண்டா என விடுத்தபோது கூறியது, நிலச் சட்டம் பற்றிய சிற்றுரை ஒன்று ஆகிய நான்கும் மறைந்தன. எஞ்சிய எட்டும் நம்மை வந்தடைந்த வழி ஒன்றன்று, இரண்டு. கத்திலீனா உரைகள் நான்கும் பள்ளிகளிற் பயிலப்பட்டமையின் இடைக்காலத்தில் மிகப் பல படிகளாகப் பெருகின. நிலச் சட்ட உரைகள் மூன்றும், ரபிரியசு என்பானுக்காக வாதாடிய உரையும் அத்தகைய பேறு பெறவில்லை. போப்பாண்டவரின் செயலாளருள் ஒருவரான பொஜ்ஜோ, 1417-இல் பழஞ்சுவடிகளைத் தேடிச் சென்றவிடத்து எட்டுச் சொற்பொழிவுகளைக் கண்டு தம் கையாற் படியெடுத்தார். இந்நான்கும் அவ்வெட்டனுள் அடங்கும். அவர் பார்த்தெழுதிய மூலச்சுவடி பின்னர் மறைந்துபோயிற்று. நிலச் சட்ட உரைகளுக்கு வேறு ஏடுகளின் துணை ஒருசிறிது உண்டு. ரபிரியசு உரையோ பெரும்பாலும் பொஜ்ஜோவின் கைப்படியையே பற்றி நிற்கின்றது. எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு நூல் எழுதப்பெற்ற தோலேடு ஒன்றினை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, நீபூர் 1820-இல் வெளியிட்ட சிதைந்த வரிகளே அதன் இறுதிப் பகுதிக்கு ஆதாரம்.

இவ்வரலாறு பதிப்பாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. உரைகளின் பொருளையும் தொடுவது. நிலச் சீர்திருத்தம் வேண்டிப் போராடி உயிர் துறந்த கிராக்கசு உடன்பிறந்தாரைச் சிசரோ எங்ஙனம் மதிப்பிட்டார் என ஒருவர் வினவுவதாகக் கொள்வோம். நவம்பர்த் திங்களில் செனேட்டு அவையில் ஆற்றிய முதற் கத்திலீனா உரையில், அவர்கள் கொல்லப்பட்டமையைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக எடுத்துக்காட்டுகின்றார். அதே ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் முன் ஆற்றிய இரண்டாம் நிலச் சட்ட உரையிலோ, அவ்விருவரையும் மக்கள்பால் அன்புடைய பெருமக்களாகப் போற்றுகின்றார். அவை மாறச் சொல்லும் மாறிற்று. பள்ளிகள் காத்த நான்கு உரைகளை மட்டும் வைத்துக்கொண்டு சிசரோவின் அரசியற் கொள்கையை வரையறுப்பார் செனேட்டின் சிசரோவையே பெரிதும் காண்பர். நிலச் சட்டத்தை எதிர்க்கும்போதும் மக்கள் நண்பராகவே தம்மைக் காட்டிக்கொள்ளும் சிசரோ அவர்க்குப் புலப்படார்.

பேசியதும் எழுதியதும் ஒன்றுதானா என்னும் வினா நான்காம் கத்திலீனா உரையைப் பொறுத்தவரை கூர்மையானது. கி.மு. 63 டிசம்பர் 5-இல் அவ்வுரை நிகழ்ந்தது. அன்று மாலையே சதிகாரர் ஐவர் வழக்கு விசாரணை இன்றிக் கொல்லப்பட்டனர். அச்செயலே பின்னர்ச் சிசரோவைக் கி.மு. 58-இல் நாடு நீங்கச் செய்தது. தம் செயலுக்கு விடை கூறும் போக்கு அவ்வுரையிற் காணப்படுதலால், கி.மு. 60-இல் அது திருத்தப்பெற்றது என்பார் சிலர்; பேசிய சின்னாளிலேயே உரைகள் பரவின என்பார் சிலர். தொகுதியை அட்டிக்கசுக்கு அனுப்பிய காலத்துப் பகைவர் குரல் எழுந்துவிட்டமையின், திருத்தம் நிகழ்ந்தது என்பதே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. ஆயினும் இன்ன வரி பின்னர்ச் சேர்க்கப்பட்டது என வரையறுத்தல் அரிது. அவ்வாறு துணிவாரைப் பின்பற்றுதல் தகாது.

இனி, அச்சுப் பதிப்புகள். சிசரோவின் சொற்பொழிவுகள் 1471-இல் உரோமிலும் வெனிசிலும் முதன்முதல் அச்சேறின. இருபதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு வரிசையில் கிளார்க் வெளியிட்ட தொகுதிகள் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தன: கத்திலீனா உரைகள் 1905-இலும், நிலச் சட்ட உரைகளும் ரபிரியசு உரையும் 1909-இலும் வந்தன. கிளார்க்கின் நுண்மாண் நுழைபுலத்தை ஐயுறுவார் இலர். ஆயினும் 1909-இல் பொஜ்ஜோவின் கைப்படி எங்குள்ளது என்பதை ஒருவரும் அறியார். அதன் வழிவந்த படிகளை ஒப்பிட்டே அவர் பாடம் அமைத்தார். 1948-இல் கம்பானா அக்கைப்படியை வத்திக்கான் நூலகத்தில் இனங்கண்டார். அதன் பயன் மாரெக் 1983-இல் வெளியிட்ட டாய்ப்னர் பதிப்பிலும், மானுவால்ட் 2018-இல் மூலம், மொழிபெயர்ப்பு, விளக்கவுரை ஆகியவற்றோடு வெளியிட்ட நிலச் சட்ட உரைகளின் பதிப்பிலும் காணப்படும். கத்திலீனா உரைகளுக்கு மஸ்லோவ்ஸ்கியின் 2003-ஆம் ஆண்டு டாய்ப்னர் பதிப்பு உண்டு.

மொழிபெயர்ப்பைக் கையாளுவார் இக்கால வரிசையை மறத்தல் ஆகாது. யாங் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையிற் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு விலையின்றிக் கிடைத்தலின் இன்றும் மிகுதியாக எடுத்தாளப்படுகின்றது. அது கிளார்க்கின் பணிக்கும் முற்பட்டது. லோப் வரிசையில் ஃபிரீஸ் 1930-இல் தந்த நிலச் சட்ட உரைகள், கைப்படி கண்டறியப்படுமுன் தோன்றியவை. இந்நூல்களைப் பயன்படுத்தலாகாது என்பதன்று. பாடத்தை நம்பி வாதம் எழுப்புமிடத்துப் புதிய பதிப்போடு ஒத்துப்பார்த்தல் வேண்டும்.

ஆங்கிலத்தின் வழியாக இவ்வுரைகளைத் தமிழிற் பெயர்க்க முற்படுவார்க்கு மற்றோர் இழப்பும் உண்டு. முதற் கத்திலீனா உரையில் சிசரோ கத்திலீனாவை ஒருமையில் விளித்துப் பேசிவந்து, திடீரென அவையத்தாரை நோக்கிப் பன்மைக்கு மாறுவார். மீண்டும் ஒருமைக்குத் திரும்புவார். இம்மாற்றமே அவ்வுரையின் உயிர்நாடி. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே முன்னிலைச் சொல் நிற்றலின் மாற்றம் மங்கிவிடுகின்றது. போலும் என்றே யாங் விளிதோறும் ‘ஓ’ என்னும் இடைச்சொல்லைப் பெய்தார். மூலத்தில் அஃது இல்லை. கத்திலீனா என்னும் பெயர் இலத்தீனில் உருத்திரியாது இயல்பாகவே நின்று விளியேற்கும். இயல்பு விளியை அறிந்த தமிழுக்கு அஃது எளிது. நீ, நீவிர் என்னும் வேறுபாடும் நம்மிடம் ஆயத்தமாக உள்ளது.

அரிதாவது பிறிதொன்று. இரண்டாம் நிலச் சட்ட உரையில் ‘பொப்புலாரிஸ்’ என்னும் அடைமொழி பன்முறை வருகின்றது. மக்கள் நலம் நாடுவோன், மக்களை மயக்கிப் பின்னிழுப்போன் என்னும் இருபொருட்கும் அச்சொல் இடம் தருவது. தாமே மெய்யான பொப்புலாரிஸ், சட்டத்தைக் கொணர்ந்த ருல்லசு அப்பெயருக்குத் தகுதியற்றவன் என்பதே சிசரோவின் வாதம். சிசரோவுக்கு ஒரு சொல்லும் ருல்லசுக்கு மற்றொரு சொல்லும் பெய்து பெயர்ப்பின் படிப்பதற்குத் தெளிவு கூடும். ஆனால் இருவரும் எந்த ஒரு பெயருக்காகப் போட்டியிட்டனரோ அது மறைந்துவிடும். ‘மக்கட்குரியோன்’ என்னும் ஒரே சொல்லை இருவர்க்கும் ஆளுதல் ஓரளவு பொருந்தும்.