குளிர்சாதனப் பெட்டியின் குறை கேட்போம்

எமது வீடுகளில் இரவு பகலாக உழைக்கும் உபகரணம் எதுவென்று கேட்டால் பலரும் மின்விசிறியைச் சொல்வார்கள். உண்மையில் அந்தப் பெருமை குசினி மூலையில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டிக்கே உரியது. வாங்கிய புதிதில் அதற்கு விரிப்பும் கைப்பிடி உறையும் போட்டு அழகு பார்க்கின்றோம். பின்னர் அது குளிர மறுக்கும் நாளில்தான் மீண்டும் திரும்பிப் பார்க்கின்றோம். அந்த நாள் பெரும்பாலும் நோன்புப் பெருநாளுக்கு முதல் நாளாகவோ, குர்பான் இறைச்சி வந்துசேர்ந்த மாலையாகவோ அமைந்துவிடுகின்றது. இது தற்செயல் அல்ல. அதற்கான காரணம் அப்பெட்டி வேலை செய்யும் முறையிலேயே இருக்கின்றது.

வெப்பத்தை இறைக்கும் இயந்திரம்

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகின்றது. கையில் சிறிது ஸ்பிரிட் பட்டால் அது ஆவியாகும்போது தோல் குளிர்வதை அறிவோம். ஆவியாகும் திரவம் சூழலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். விஞ்ஞான பாடத்தில் இதனை ஆவியாதலின் மறைவெப்பம் என்று படிக்கின்றோம்.

பெட்டியின் உட்புறக் குழாய்களில் ஒரு குளிரூட்டும் பதார்த்தம் இவ்வாறே ஆவியாகி உணவின் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. அந்த ஆவியை அடியிலுள்ள அமுக்கி, அதாவது கொம்பிரசர், அழுத்திச் சூடாக்குகின்றது. பின்புறத்திலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ உள்ள ஒடுக்கிக் குழாய்களில் அது வெப்பத்தை வெளிவிட்டுத் திரவமாகின்றது. பின்னர் மிக ஒடுங்கிய மயிர்த்துளைக் குழாயினூடாகச் சென்று அழுத்தம் குறைந்து, மீண்டும் ஆவியாகத் தயாராகின்றது.

ஆகவே பெட்டியின் பக்கச் சுவர் சூடாக இருந்தால் அது பழுதல்ல. கதவைத் திறந்து வைத்துக் குசினியைக் குளிர்விக்க முடியாததும் இதனால்தான். உள்ளே எடுத்த வெப்பமும் அமுக்கி செலவிடும் மின்சக்தியும் சேர்ந்து குசினிக்குள்ளேயே வெளியாகும்.

நிற்கும் இடமும் சுத்தமும்

வெளியேற வழியில்லாத வெப்பம் அமுக்கியைக் களைப்படையச் செய்யும். எனவே பெட்டியைச் சுவரிலிருந்து சுமார் 10 சென்ரிமீற்றர் தள்ளி, அடுப்புக்கும் நேரடி வெயிலுக்கும் விலக்கி வையுங்கள். பின்புறக் குழாய்கள் வெளியே தெரியும் பெட்டியாயின், ஆறு மாதத்திற்கு ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்றினால் துருவும் பிடிக்கும். அங்கே அடிப்பகுதியையும் கவனியுங்கள்.

கதவைச் சுற்றியுள்ள இறப்பர் பட்டியை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரால் துடையுங்கள். அது சரியாக மூடுகின்றதா என்பதை ஒரு கடதாசித் துண்டு சொல்லிவிடும். கடதாசியைக் கதவிடுக்கில் வைத்து மூடி மெதுவாக இழுங்கள். இழுக்கும்போது தடை இருந்தால் பட்டி நலம். வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்தால் குளிர் கசிகின்றது. கதவின் பல இடங்களிலும் இவ்வாறு பாருங்கள். உள்ளே வாடை வந்தால், அப்பச்சோடா கலந்த நீரால் துடைத்து, சிறு கிண்ணத்தில் சிறிது அப்பச்சோடாவையும் வைக்கலாம்.

எவ்வளவு குளிர் வேண்டும்?

கீழ்ப்பகுதி 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவாகவும், பிரீசர் −18 பாகை செல்சியஸ் அளவிலும் இருக்க வேண்டும். 4 பாகைக்கு மேலே பற்றீரியாக்கள் விரைவாகப் பெருகத் தொடங்கும். வெப்பநிலைநிறுத்தியில் உள்ள 1, 2, 3 என்ற இலக்கங்கள் பாகைகள் அல்ல; பொதுவாக இலக்கம் கூடினால் குளிரும் கூடும். ஒரு கோப்பை நீரில் வெப்பமானியை இட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துக் காலையில் வாசித்தால் உண்மை தெரியும்.

உறைபனியும் கத்தியும்

சாதாரணப் பெட்டிகளில் பிரீசரின் சுவரில் பனி படியும். பனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. அது தடித்தால் உணவுக்கும் குளிர்க் குழாய்க்கும் நடுவே போர்வை விரித்தது போலாகும். பனி அரை சென்ரிமீற்றர் தடிப்பை அடைந்ததும் பெட்டியை நிறுத்தி, உணவை வெளியே எடுத்து, கதவைத் திறந்து வைத்து உருக விடுங்கள். உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுநீர் வைத்தால் விரைவாக உருகும்.

கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். அந்தச் சுவருக்குப் பின்னாலேயே மெல்லிய குழாய் ஓடுகின்றது. அதில் ஒரு துளை விழுந்தால் வாயு வெளியேறிவிடும். முற்காலப் பெட்டிகளில் ஓசோன் படையைத் தாக்கும் குளோரோபுளோரோகாபன்கள் இருந்தன. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் பின் அவை படிப்படியாகக் கைவிடப்பட்டன. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூற்றேன் உள்ளது. பின்புறச் சிட்டையில் இது ஆர் 600ஏ என்று காணப்படும். இது ஓசோனுக்குக் கேடு செய்யாது; ஆனால் தீப்பற்றக்கூடியது.

குர்பான் இறைச்சி வரும் மாலை

ஒரு கிராம் நீரை ஒரு பாகையால் குளிர்விக்க 4.2 யூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். 0 பாகையிலுள்ள அதே நீரைப் பனிக்கட்டியாக்க 334 யூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். இறைச்சியின் பெரும்பகுதி நீரே. எனவே பத்துப் பன்னிரண்டு கிலோ இறைச்சியை ஒரே நேரத்தில் திணித்தால் பெட்டி திணறாமல் என்ன செய்யும்? 24 மணித்தியாலத்தில் எத்தனை கிலோவை உறையச் செய்யலாம் என்பது பல பெட்டிகளின் சிட்டையிலோ கையேட்டிலோ குறிப்பிடப்பட்டிருக்கும். வீட்டுப் பெட்டிகளில் அது பெரும்பாலும் சில கிலோதான்.

இறைச்சியை ஒரு வேளைக்குரிய சிறு பொதிகளாகப் பிரித்துத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். பெரிய பொதியின் வெளிப்புறம் உறைந்தாலும் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருக்கும். பழுதாவது அங்கேதான் தொடங்கும். இடம் போதாதெனில் அன்றே பங்கிட்டுக் கொடுத்துவிடுவது பெட்டிக்கும் நல்லது, பெறுபவருக்கும் நல்லது.

மின்வெட்டு நேரத்தில்

2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டோம். கதவைத் திறக்காவிட்டால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணித்தியாலமும், நிறைந்த பிரீசர் சுமார் 48 மணித்தியாலமும், பாதி நிறைந்த பிரீசர் சுமார் 24 மணித்தியாலமும் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் குளிரின்றி இருந்த மீன், இறைச்சி, பால், சமைத்த சோறு ஆகியவற்றை மணந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் பற்றீரியாக்கள் எல்லாமே வாடையை உண்டாக்குவதில்லை. பனித்துகள் இன்னும் எஞ்சியிருக்கும் இறைச்சியை மீண்டும் உறைய வைக்கலாம். சுவை மட்டும் சிறிது குறையும்.

மின்சாரம் நின்றதும் பிளக்கைக் கழற்றுங்கள். மின்சாரம் திரும்பியபின் ஐந்து நிமிடங்கள் பொறுத்து இணையுங்கள். குழாய்களின் இரு பக்க அழுத்தமும் சமனாகும் முன் அமுக்கி இயங்க முயன்றால் அதன் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகும். எமது நாட்டு மின் வழங்கல் 230 வோல்ற்று. அது அடிக்கடி ஏறி இறங்கும் இடங்களில் வோல்ற்றளவைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று பயன் தரும்.

திருத்துநரை அழைக்குமுன்

பெட்டி முற்றாக இயங்கவில்லை: அதே பிளக் பொயின்ட்டில் வேறொரு உபகரணத்தை இணைத்துப் பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்துள்ளதா, வெப்பநிலைநிறுத்தி பூச்சியத்தில் நிற்கின்றதா என்றும் பாருங்கள்.

இயங்குகின்றது, ஆனால் குளிரவில்லை: கதவுப் பட்டி, பின்புறத் தூசி, தடித்த பனி, காற்றுத் துளையை மறைக்கும் பாத்திரங்கள் ஆகிய நான்கையும் வரிசையாகப் பாருங்கள்.

மரக்கறித் தட்டின் கீழ் நீர் தேங்குகின்றது: உட்புறப் பின்சுவரின் அடியிலுள்ள வடிகால் துளை அடைபட்டிருக்கும். இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அடைப்பை நீக்கலாம்.

அதிர்ந்து சத்தமிடுகின்றது: கால்களைச் சுழற்றி மட்டப்படுத்துங்கள். திரவம் ஓடும் களகள ஓசை இயல்பானது.

தொட்டால் மின் அதிர்ச்சி: உடனே மின்சாரத்தை நிறுத்தி, பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். புவித்தொடுப்பைத் தகுதியுள்ள மின்வினைஞர் ஒருவர் பரிசோதிக்கும் வரை பயன்படுத்த வேண்டாம். மூன்று முள் பிளக்கின் புவி இணைப்பைத் துண்டித்துப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து.

இவற்றுக்கும் சரிவராவிட்டால் திருத்துநர் தேவை. அவர் “காஸ் முடிந்துவிட்டது” என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்கே கசிகின்றது?” இது மூடிய சுற்று. பெற்றோலைப் போல இந்த வாயு செலவாகி முடிவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒரு கசிவு உண்டு. அதை அடைக்காமல் வாயு நிரப்பினால் சில மாதங்களில் அதே செலவு மீண்டும் வரும்.

பழைய பெட்டியை வீசும்போது கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் சிறுவர்கள் உள்ளே அகப்பட்டு மூச்சுத்திணறி இறந்த சம்பவங்கள் உலகில் பல உண்டு.

மின்பட்டியலில் அலகுகள் ஒரு படியைத் தாண்டும்போது கட்டண வீதமும் கூடுகின்றது. 100 வாற்று அமுக்கி ஒரு நாளில் 12 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 36 அலகுகள். அதே பெட்டி தூசியாலும் பனியாலும் 18 மணித்தியாலம் ஓடினால் 54 அலகுகள். மாணவியரே, வரும் விடுமுறையில் உம்மாவோடு சேர்ந்து ஒரு நாளை இதற்காக ஒதுக்குங்கள். அடுத்த மாத மின்பட்டியலைச் சென்ற மாதத்தோடு வைத்து நீங்களே கணக்குப் பாருங்கள்.